மயிலிட்டி வீடும் ஒரு பழஞ் சித்திரக் கருவியும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென மலராசிரியர் கேட்டபோது, கல்லூரிக் கால நினைவுகளையே அவர் எதிர்பார்த்தார் என்பதை அறிவோம். விடுதிச் சாலைச் சோற்றைப் பற்றியும், வெள்ளிக்கிழமைப் பூசையைப் பற்றியும், துடுப்பாட்டப் போட்டிகளைப் பற்றியும் எம்மினும் நன்றாக எழுதவல்லார் பலர் உளர். முந்தைய மலர்களில் எழுதியும் உள்ளனர். யாம் எழுதப் புகுவதோ சென்ற ஆண்டு பழைய மாணவர் சங்கச் செயற்குழுவில் எழுந்த ஒரு சிறு விவாதத்தைப் பற்றியது. அன்று யாம் வாய் திறந்திலோம். கூட்டத்திற் பேசக் கூச்சமுடையார் வீட்டில் இருந்து எழுதுதல் உலகத்து இயல்பன்றோ.

விவாதம் இது. கடல் கடந்து வாழும் பழைய மாணவர் சிலர் கல்லூரிக்குப் புதிய கணினிகள் வாங்கப் பொருள் அனுப்பியிருந்தனர். அவற்றில் என்னென்ன நிரல்களை நிறுவுதல் வேண்டும் என்று ஆராய்ந்தபோது, பொறியியல் கற்ற இளம் உறுப்பினர் ஒருவர், கணினியோடு கூடவே வரும் பெயின்ற் என்னும் சித்திரக் கருவியை அகற்றிவிட்டுத் தொழிற்றுறையினர் பயன்படுத்தும் பெரிய நிரல்களையே பிள்ளைகளுக்குப் பழக்கல் வேண்டும் என்றார். நாற்பதாண்டுப் பழமையுள்ள அப்பொருள் பிள்ளைகளை விளையாட்டிலேயே நிறுத்திவிடும் என்பது அவர் வாதம். மற்றொருவர், ஆறாம் வகுப்புப் பிள்ளை சுட்டியைப் பிடிக்கப் பழகுவதற்கு அதனினும் நல்ல பொருள் வேறில்லை என்றார். இரண்டும் இருக்கட்டும் என்று தலைவர் தீர்த்தார். வடையும் தேநீரும் வந்தன. குழு கூரை திருத்தும் செலவைப் பற்றிப் பேசத் தொடங்கிற்று.

அக்கருவியை அறியாதார்க்குச் சில சொல்லல் தகும். விண்டோஸ் என்னும் இயங்குதளத்தின் முதற் பதிப்பை மைக்ரோசொப்ற் நிறுவனம் 1985 நவம்பரில் வெளியிட்டபோதே இக்கருவியும் அதனுடன் வந்தது. ஸீசொப்ற் என்னும் வேறொரு நிறுவனத்தாரிடம் உரிமை பெற்று அமைத்தது அது. அன்று கறுப்பும் வெள்ளையுமே அதற்குத் தெரியும். 1990 மே மாதத்தில் மூன்றாம் பதிப்பு வந்தபோது பெயின்ற்பிரஷ் என்னும் பெயரோடு வண்ணமும் பெற்றது. 1995இல் பெயர் மீண்டும் பெயின்ற் எனச் சுருங்கிற்று. அது வரையும் முறை எம் பெண்டிர் பன்னப் பெட்டி இழைக்கும் முறையை ஒத்தது. சாயமிட்ட சார்வோலை ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நிறமாய் விழ, எட்ட நின்று பார்ப்பார்க்கு அக்கட்டங்கள் பூவாகவும் கிளியாகவும் தோன்றும். கணினித் திரையும் அத்தகைய நுண்கட்டங்களால் ஆயது. பெயின்ற் ஒவ்வொரு கட்டத்துக்கும் இன்ன நிறம் என்று மட்டுமே நினைவு வைத்துக்கொள்ளும். இது மரம், இது மதில் என்பது அதற்குத் தெரியாது. மரத்தின் மேல் மதிலை வரைந்தால் மரம் அவ்விடத்தில் இல்லாது ஒழியும். இதனைப் பின்னால் மறவாதிருத்தல் வேண்டும்.

யாம் நில அளவைத் திணைக்களத்திற் படவரைஞராய் இருந்து இளைப்பாறியவர். கல்லூரியில் எமக்குச் சித்திரம் கற்பித்த ஆசிரியர், எஸ். ஆர். கனகசபை அவர்கள் 1938இல் நிறுவிய வின்சர் சித்திரக் கழகத்தைப் பற்றியெல்லாம் எமக்கு ஆர்வத்தோடு கூறுவார். எமக்கோ நிறத்தினும் கோடே பிடித்திருந்தது. அனுராதபுரத்திலும் பதுளையிலும் பணி செய்த காலமெல்லாம் தைப்பொங்கலுக்கும் சித்திரை வருடப் பிறப்புக்குமே மயிலிட்டி வீட்டுக்கு வருவோம். 1990 ஜூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபோது, அம்மா ஒரு பெட்டியோடும் ஒரு பசுவோடும் வீட்டை விட்டுக் கோண்டாவிலுக்கு வந்தார். அதன்பின் மயிலிட்டி உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கிற்று. உள்ளே செல்லல் இயலாதாயிற்று. பெட்டியுள் இருந்த நிழற்படங்களாவது எஞ்சும் என்றிருந்தோம். 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்த இரவில், மழையில், அப்பெட்டியும் எம் வரைகருவிப் பேழையும் செம்மணி வெளிக்கு அப்பால் எங்கோ தவறின. மறு ஆண்டு திரும்பி வந்தபோது வீடு எப்படி இருந்தது என்பதற்கு அம்மாவின் நினைவன்றி வேறு சான்று எம்மிடம் இல்லை.

2002இல் போர் நிறுத்தமும் ஏ9 வீதித் திறப்பும் வந்தன. மறு ஆண்டு, ரொறன்ரோவில் வாழும் எம் தங்கையின் மகன், கொழும்பில் ஒரு பழைய கணினியை வாங்கி லொறியில் அனுப்பிவைத்தான். அவன் பிறந்தது அங்கே, மயிலிட்டியைக் கண்டதில்லை. “அம்மம்மா வீட்டை ஒருக்கால் கீறி அனுப்புங்கோ, மாமா” என்பது அவன் வேண்டுகோள். காகிதத்தில் வரைந்து அஞ்சலிற் சேர்க்கலாம் என்றோம். கணினியிலே வரைந்தால் அன்றே பார்க்கலாம் என்றான். அதில் வேறு சித்திர நிரல் யாதும் இல்லை. இவ்வாறே எமக்கு ஐம்பத்தைந்தாம் வயதிற் பெயின்ற் அறிமுகமாயிற்று.

இடப்பக்கத்திற் பதினாறு கருவிகள். கீழே இருபத்தெட்டு நிறங்கள். நூல் வேண்டியதில்லை, ஆசான் வேண்டியதில்லை. பென்சில் பென்சிலாகவும் அழிப்பான் அழிப்பானாகவும் உருக்கொண்டு நின்றன. ஒரு நாழிகையுள் நேர்கோடும் வட்டமும் கைவந்தன. வாளி ஒன்றுண்டு. வேலியால் அடைத்த ஒரு பரப்புள் அதைச் சாய்த்தால் நிறம் நிரம்பும். வேலியில் ஒரு புள்ளி விடுபட்டிருந்தாலோ, வரம்புடைந்த பாத்தியிலிருந்து இறைப்பு நீர் அயற்காரன் தோட்டத்துக்குப் பாய்வது போலப் படம் முழுவதும் பாயும். அம்மா அருகே பாயில் அமர்ந்திருப்பார். கண்ணிற் புகை மூடியிருந்தமையால் கோடுகள் அவருக்குத் தெரியா. திரையின் ஒளியில் நிறங்கள் மட்டும் தெரிந்தன. ஓட்டுக்குச் செங்காவியை ஊற்றியபோது, “இது எங்கட வீடுதான்” என்றார். அன்று அவர் இரவுணவு கொள்ள மறந்தார்.

நாற்சார் வீடு அது. சங்கடப்படலை, தலைவாசல், வெளிவிறாந்தை, அறைகள், அடுக்களை, மாட்டுக்கொட்டில், கதியால் வேலி, வேலியோரத்தில் ஏழு பனை, பின்வளவில் ஒரு கறுத்தக்கொழும்பான் மா. அம்மா சொல்லச் சொல்ல யாம் வரைந்தோம். பனையோலைக்குத் தெளிக்கும் கருவியே நன்றாய் உதவிற்று. கொட்டிலின் கிடுகுக் கூரைக்கு எந்நிறம் பொருந்தும் என்று மூன்று நாட் பேசினோம். எழுபத்தெட்டு வயதில் அம்மா அவ்வளவு பேசியதை அதற்கு முன் யாம் கேட்டதில்லை. படலைத் தூணில் எந்த ஆண்டு எவர் உளியால் எதைக் கீறினார், எந்தப் பனை நுங்குக்கு, எது ஒடியலுக்கு என்பனவெல்லாம் வெளிவந்தன. அவை படத்துக்கு வேண்டியன அல்ல. ஆயினும் படம் இல்லாதிருப்பின் அவற்றை யாம் அறிந்திரோம்.

செய்ததைப் பின்வாங்கும் கட்டளை அக்காலப் பெயின்றில் மூன்று படிகளுக்கே இருந்தது. நான்காம் பிழையைத் திருத்த வேண்டின் அழிப்பானே கதி. விஸ்ரா என்னும் பதிப்பில் அது பத்தாகி, 2009இல் வந்த ஏழாம் பதிப்பில் ஐம்பதாயிற்று. மூன்றென்னும் எல்லை எமக்குக் குறையாய்த் தோன்றவில்லை. இந்திய மையால் வரைந்து பழகிய கைக்கு மூன்று மன்னிப்பே தாராளம்.

கிணற்றில்தான் பிணக்கு வந்தது. யாம் கிணற்றை அடுக்களைக்குப் பின்னே, தென்கீழ் மூலையில், தேசிமரத்தின் நிழலும் துலாவின் கோடும் குறுக்கிட வரைந்தோம். அதை வாயாற் சொன்னதும் அம்மா நிமிர்ந்தார்.

“தம்பி, கிணறு ஈசான மூலையிலையெல்லோ? அக்கினி மூலையிலை ஆர் கிணறு வெட்டுறது?”

மனைநூல் வடகீழ்த் திசையையே கிணற்றுக்கு வகுத்தது என்பதை யாமும் அறிவோம். ஆயின் பாட்டனார் முதலில் வெட்டிய இடத்திற் சுண்ணாம்புப் பாறை கடுமையாய்க் குறுக்கிட, வேறிடம் மாற்றி வெட்டினார் என்று ஒரு கதை எம் வீட்டில் வழங்கிற்று. ஈசான மூலையிற் பாறை கிடந்தமையாலேயே அக்கினி மூலைக்கு மாறினார் என்பது எம் நினைவு. முப்பதாண்டு காலம் பிறர் நிலங்களின் எல்லைகளை வரைந்தவர்க்குத் தம் வளவின் கிணறு தெரியாதா? அவ்வாறே எண்ணினோம். மேலும், கிணற்றின் மேல் மரமும் மரத்தின் மேல் துலாவும் வரைந்தாயிற்று. கிணற்றைப் பெயர்த்தால் மூன்றும் சேர்ந்து பெயரும். அடியிலே தரை வெறுமையாகும். திரும்ப வரைய இரண்டு நாள் வேண்டும். மாலையில் அம்மா கேட்டார்: “மாத்திப் போட்டியோ, தம்பி?”

“ஓமம்மா, மாத்தியாச்சு” என்றோம்.

அவருக்குக் கோடுகள் தெரியா என்று முன்னரே கூறினோம்.

படத்தை எண்ணூறுக்கு அறுநூறு கட்டங்களில் வரைந்திருந்தோம். அது பதினான்கு இலட்சத்து நாற்பதாயிரம் பைற்றுக்குச் சற்று மேல் வந்தது. ஒரு புளொப்பித் தட்டில் அப்படம் ஒன்றே மட்டுமட்டாய் அடங்கிற்று. அத்தகைய வேறொரு படம் வைக்கப் போதிய இடமில்லை. அத்தட்டைப் பையில் இட்டுச் சைக்கிளில் யாழ்ப்பாணப் பட்டணத்துக்குச் சென்று, இணையக் கடையொன்றிலிருந்து அனுப்பினோம். முழுப் படமும் ஏறி முடிய அரைமணிக்கு மேலாயிற்று. முன்னொரு முறை சேமிக்கு முன் மின்சாரம் நின்று, ஏழு பனைகளும் ஒருங்கே போனதும் உண்டு.

மருமகன் மென்பொருள் எழுதுவோன். படத்தைப் பாராட்டிய கையோடு கருவியைப் பழித்தான். போட்டோஷொப் முதலியவற்றிற் சித்திரத்தை அடுக்கடுக்காய் வரையலாம். கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாய் வைத்தாற் போல் தரை ஓர் அடுக்கு, கிணறு ஓர் அடுக்கு, மரம் ஓர் அடுக்கு. ஒன்றைத் தள்ளினால் மற்றவை கெடா. இந்த அறிவு தொண்ணூறுகளிலேயே உலகத்துக்கு வந்துவிட்டது. இன்னும் பெயின்றைக் கட்டி அழுவதேன் என்றான். “மாட்டுவண்டில் நல்லதுதான் மாமா, அதிலை ரொறன்ரோவுக்கு வர ஏலுமோ?” என்று எழுதினான். மறுமொழி எமக்கு இல்லை. அவன் கூறிய அடுக்குகள் எம்மிடம் இருந்திருப்பின் கிணற்றைப் பெயர்க்க ஒரு நிமிடம் சென்றிராது. அம்மாவிடம் பொய் சொல்ல நேர்ந்திராது என்றும் எழுத வந்தோம். அது முழுதும் உண்மை அன்று. அவர் சொன்னது பிழை என்று யாம் நம்பினோம். அதுவே காரணம், கருவி அதற்கு ஒரு சாக்கு.

பழங்கருவிக்கும் பரிந்து ஒன்று சொல்லல் வேண்டும். அக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் எல்லாரும் தமிழைப் பாமினி எழுத்துருவிலேயே எழுதினோம். அம்மா சொன்ன கதைகளை வேர்ட் நிரலில் இருபது பக்கம் பாமினியில் எழுதி வைத்தோம். பாமினி என்பது ஆங்கில எழுத்துக்களின் இடத்திற் தமிழ் உருவங்களை அமர்த்திய ஓர் ஏற்பாடு. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக்கள் தாறுமாறாய் நிற்கும். மெய்யின் புள்ளிகளெல்லாம் அரைப்புள்ளிகளாய்த் தோன்றும். மருமகன் திறந்தபோது அக்காட்சியையே கண்டான். நோய்வாய்ப்பட்ட கோப்பு என்று எண்ணி அழித்தும் விட்டான். ஆயின் படத்தில் யாம் பாமினியால் எழுதிய ‘அடுக்களை’, ‘மாட்டுக்கொட்டில்’, ‘பிள்ளையார் அறை’ என்னும் பெயர்கள் இன்றும் தமிழாகவே நிற்கின்றன. எழுதி முடித்துப் புறத்தே சொடுக்கியதும் பெயின்ற் எழுத்தை எழுத்தென மறந்து நிறக்கட்டங்கள் ஆக்கிவிடும். பின்னர் ஓர் எழுத்தையும் திருத்த இயலாது என்பது அதன் குறை. எவ்வெழுத்துருவும் தேவையில்லை என்பது அக்குறையினாலேயே வந்த பேறு. கல்வெட்டை ஒத்தது என்க.

அம்மா 2011இற் காலமானார்.

2017 யூலை மாதத் தொடக்கத்தில் மயிலிட்டித் துறைமுகமும் அதனை அடுத்த நிலமும் இருபத்தேழு ஆண்டுகளின் பின் மக்களிடம் கையளிக்கப்பட்டன. அதே மாத இறுதியில் மருமகனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. விண்டோஸ் பத்தின் அடுத்த பதிப்பில் கைவிடப்படவுள்ள பகுதிகளின் பட்டியலிற் பெயின்றும் இடம்பெற்றிருக்கிறது. அவ்வாண்டு ஏப்பிரலில் வந்த பெயின்ற் 3டி அதன் வாரிசு என்றான். உலகெங்கும் எழுந்த ஆரவாரத்தைக் கண்டு, யூலை 24இல் அந்நிறுவனத்தார், பெயின்ற் ஒழியாது, தம் இணையக் களஞ்சியத்தில் இலவசமாய்க் கிடைக்கும் என்று அறிவித்தனர். இத்தனை பேர் இதற்காக இரங்குவர் என்று யாம் எண்ணியதில்லை. ஹால் லாஸ்கோ என்னும் அமெரிக்க முதியவரைப் பற்றி அப்போதுதான் அறிந்தோம். 1915இற் பிறந்து, அச்செழுத்துத் துறையிற் பணி செய்து, முதுமையிற் பார்வை குன்றியபின் பெயின்றைப் பெருப்பித்து வைத்துப் புள்ளி புள்ளியாய் ஓவியம் வரைந்தவர். 2014இல் மறையும்வரை வரைந்தார் என்பர். பார்வை குன்றியவர்க்கு அக்கருவி கொடுத்த பெரிய புள்ளியை எண்ணியபோது, அம்மாவை ஒரு நாளாவது சுட்டியைப் பிடிக்க வைத்தோமில்லையே என்று வருந்தினோம்.

ஓகஸ்ற் மாதத்தில் மயிலிட்டிக்குச் சென்றோம். படத்தைக் காகிதத்தில் அச்சிட்டுக் கையிற் கொண்டோம். வீடு இல்லை. பற்றையினூடே விறாந்தையின் சீமெந்துத் தரை ஒரு பாயளவு தெரிந்தது. ஏழு பனையில் இரண்டு நின்றன. அந்தப் படத்தைக் கொண்டுதான் அயலவர் இருவர் தம் எல்லைகளையும் கண்டுகொண்டனர். படலைக்கும் பனைக்கும் இடையே அம்மா சொன்ன தூரம் ஓர் அடியும் பிசகவில்லை. கிணறு துப்புரவாக்க வந்தவர் படத்தைப் பார்த்து அடுக்களைக்குப் பின்னே கத்தியோடு நுழைந்தார். முற்பகல் முழுவதும் வெட்டினார். பாறையன்றி யாதுமில்லை. பின்னர்த் தண்ணீர் குடிக்க நடந்த அவருடைய மகன் வடகீழ் மூலையிலிருந்து கூப்பிட்டான். கல்லைப் பிளந்து வெட்டிய வட்டக் கிணறு, அரைவாசி தூர்ந்து, ஈசான மூலையிலேயே கிடந்தது. தேசிமரம் இல்லை, துலாவின் ஆடுகால் ஒன்று நின்றது.

பாறை குறுக்கிட்டது அக்கினி மூலையில். பாட்டனார் மாற்றியது ஈசான மூலைக்கு. கதையை யாம் தலைகீழாய் நினைவு வைத்திருந்தோம்.

வாரிசாய் வந்த பெயின்ற் 3டி நெடுநாள் வாழவில்லை. 2024 நவம்பரில் அதனைக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டனர். கைவிடப்படவிருந்த கிழவனோ விண்டோஸ் பதினொன்றிற் புத்தாடை தரித்து இருக்கிறான். 2023இல் மருமகன் கூறிய அடுக்குகளும் அவனுக்கு வாய்த்தன. எழுத்திற் சொன்னதைப் படமாக்கித் தரும் புதுவகைக் கருவியும் கூடச் சேர்ந்தது. அவ்வகையான பிறிதொன்றில், பெயர் வேண்டா, சென்ற ஆண்டு விடுமுறைக்கு வந்த மருமகன் யாழ்ப்பாணத்து நாற்சார் வீடு என்று எழுதிப் பார்த்தான். செதுக்கிய தூண்களும் தென்னஞ்சோலையுமாய் ஓர் அழகிய அரண்மனை வந்தது. அம்மா கண்டிருப்பின், ஆர் வீடு என்று கேட்டிருப்பார்.

ஆதலின் செயற்குழுவில் யாம் சொல்லியிருக்க வேண்டியது இதுவே. பொறியியலாளர் சொன்னதிற் பிழையில்லை. தொழிலுக்குப் போகும் பிள்ளைக்கு அடுக்கும் வேண்டும், அளவும் வேண்டும். பெயின்றோடு நிறுத்துதல் ஆகாது. ஆயின் அதை அகற்றும்போது அகல்வது பழைய நிரல் ஒன்று மட்டும் அன்று. நூலும் ஆசானும் பணமும் இன்றி, கணினியைத் திறந்த நாழிகையிலேயே ஒருவர் தம் வீட்டை வரையத் தொடங்கலாம் என்னும் வசதியும் உடன் போகிறது. பெரிய நிரல்களுள் நுழைய ஒரு மாதப் பயிற்சி வேண்டும். எமக்கு ஒரு மாதம் இருந்தது. அம்மாவின் பேச்சு ஒரு மாதம் காத்திருந்திருக்குமோ என்பதே ஐயம். ஐம்பது படிகள் பின்வாங்கும் வசதி வந்ததை வரவேற்கிறோம். அடுக்குகளையும் வரவேற்கிறோம். அந்தப் பதினாறு கருவிகள் மட்டும் அப்படியே பிள்ளையின் கண்ணுக்கு முதலில் தெரியட்டும்.

2018 தைப்பொங்கலன்று பழைய படத்தைத் திறந்தோம். அடுக்குகள் அப்போது வரவில்லை. புள்ளிக்கோட்டுச் சதுரத்தாற் கிணற்றைச் சூழ்ந்து பிடித்து, வடகீழ் மூலைக்கு இழுத்தோம். தேசிமரத்திற் பாதியும் துலாவின் நுனியும் கிணற்றோடு சென்றன. அடுக்களைக்குப் பின்னே, கிணறு இருந்த இடத்தில், வெள்ளையாய் ஒரு சதுரம் நின்றது. வாளியை எடுத்து மண்ணிறம் ஊற்றியிருக்கலாம். ஊற்றவில்லை. அப்படியே சேமித்து மருமகனுக்கு அனுப்பினோம். அந்தச் சதுரம் என்ன மாமா என்று கேட்டான். பாறை என்றோம்.